எரியாத துண்டு

சுவிட்சைப் போட்டதும் சுவரைச் சுற்றி ஓடிய விளக்குக் கோடு முழுதாக எரியவில்லை. எதிர்ச்சுவரில், நெஞ்சு உயரத்தில், ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் இருட்டாக இருந்தது.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புது வேலை என்றால் ஏதாவது ஒன்று இடக்குப் பண்ணத்தான் செய்யும். கடைகளுக்கு அடியில் ஜன்னலே இல்லாமல் கிடந்த அந்த நீளக் கூடத்தை அக்காவும் தங்கையுமாக வாடகைக்கு எடுத்து நடனப் பள்ளி ஆக்கிக்கொண்டிருந்தார்கள். ஆடுகிறவள் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் குட்டி. மற்றதையெல்லாம் மூத்தவள் பார்த்துக்கொண்டாள். அம்மா போன பிறகு குட்டிக்குத் தலை பின்னி, சோறூட்டி, ஆட அனுப்பியவள் அவள்தான். உனக்கென்ன பைத்தியமா என்று கணவர் கேட்டும் காதில் வாங்காமல், இருந்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்தவள்.

விளக்கைத் தேர்ந்தெடுத்தவளும் அவளே. கடைக்காரர் மேஜை முழுக்க மாதிரித் துண்டுகளைப் பரப்பிப் போட்டார். பார்த்தால் பழைய நியான் குழாய் மாதிரிதான், ஆனால் கண்ணாடி இல்லை. ரப்பர் போல வளைகிற சிலிக்கான், அதற்குள் நெருக்கமாக எல்இடி. உடையாது, சுடாது, பிள்ளைகள் கை பட்டாலும் பயமில்லை என்றார் அவர். அந்தக் கடைசி வார்த்தையில் மூத்தவள் விழுந்துவிட்டாள். குட்டி ரோஸ் நிறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐஸ்கிரீம் கடை மாதிரி இருக்கும் என்று சொல்லி, மஞ்சள் கலந்த வெள்ளையை எடுத்தாள் அக்கா.

மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் நரைத்த மீசைக்காரர், வாய் ஓயாத மனிதர். அலுமினியத் தகட்டுக் காடியைச் சுவரில் திருகி, அதற்குள் குழாயைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே போனார். இது ஒரு பக்கமாகத்தான் வளையும், மறுபக்கம் முறுக்கினால் உள்ளே கம்பி அறுந்துவிடும், வெட்டுவதென்றால் குறி போட்ட இடத்தில்தான் வெட்டவேண்டும் என்று பாடம் வேறு நடத்தினார். கதவருகில் தொடங்கிக் கூடத்தைச் சுற்றி, மறுபடி கதவருகிலேயே வந்து முடிந்தது கோடு.

அந்த இருட்டுத் துண்டைப் பார்த்ததும் அவர் நடந்து போய்ச் சுவரோடு ஒட்டி நின்றார்.

"இங்க எரியுதேம்மா" என்றார்.

கதவருகே நின்ற மூத்தவளுக்கு அது இருட்டாகவேதான் தெரிந்தது. அவர் திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்று பார்த்தார். அவருக்கும் இருட்டு. மறுபடி போனார். எரிந்தது. எதற்கு வம்பு என்று அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைத்து, இணைப்பில் பசை பூசினார். கூடம் முழுக்கப் புளித்த வாடை நின்றது.

மறுநாள் காலையில் அந்த இருட்டு கொஞ்சம் இடப்பக்கம் தள்ளியிருந்தது. முன்னைவிட அகலமாகவும் தெரிந்தது.

விளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற டிரைவர் பெட்டியை மாற்றினார்கள். வயரை மாற்றினார்கள். கடைசியில் அவரே ஒரு யோசனை சொன்னார். ஒற்றைக் கோடாக இருப்பதால்தான் குறை கண்ணை உறுத்துகிறது, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மூன்றாகப் போட்டுவிட்டால் யாரும் கவனிக்கமாட்டார்கள். குட்டிக்கு அது மேடை மாதிரி இருக்கும் என்று ஒரே குஷி. முழங்கால் உயரத்தில் ஒரு கோடு, தலை உயரத்தில் ஒரு கோடு. அன்று சாயங்காலமே வேலை முடிந்தது.

சுவிட்சைப் போட்டார்.

நடுக்கோட்டில் இருட்டு அகலமாக இருந்தது. மேல்கோட்டில், அதற்கு நேர் மேலே, ஒரு தலை அளவுக்குச் சின்னதாக. கீழ்க்கோட்டில் ஒன்றல்ல, இரண்டு. பக்கத்தில் பக்கத்தில், கொஞ்சம் இடைவெளி விட்டு.

எலக்ட்ரீஷியன் சாவகாசமாகப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்மா என்று தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். துளை போடும் மெஷினை ஏணி மேலேயே விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவேயில்லை.

ஓர் ஆள் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று மூத்தவள் குட்டியிடம் சொன்னாள். அவளும் பார்த்தாள். ஆமாம், ஆள் மாதிரிதான் இருக்கு, நம்ம பள்ளிக்கூடத்துல சேர வந்த முதல் ஆளு போல என்று சிரித்தாள். மூத்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் திறப்பு நாள் சொல்லியாகிவிட்டது, பெற்றவர்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். விளக்கில் ஓர் ஆள் நிற்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டில் சொன்னால் கணவர் என்ன சொல்வார் என்பதும் தெரியும்.

திறப்புக்கு முந்தின நாள் மத்தியானம். வெளியே வெயில் கொளுத்தியது, கீழே வெயிலின் சுவடு இல்லை. தலைக்கு மேலே சாலையில் லாரிகள் போகிற அதிர்வு சுவருக்குள் இறங்கிப் பாதத்தில் வந்து முடிந்தது, பெயிண்டும் பசையும் கலந்த வாடை தொண்டையில் ஒட்டிக்கொண்டது, கூடத்தின் நடுவில் குட்டி பாட்டு இல்லாமல், வாய்க்குள் கணக்குச் சொல்லிக்கொண்டு வெறுங்காலில் ஆடிக்கொண்டிருந்தாள், புதுத் தரையில் அவள் பாதம் படுகிற சத்தம் ஈரத் துணியை அறைவது போலக் கேட்டது. மூத்தவள் கதவுக்குள் நுழைந்து நிமிர்ந்தாள்.

மூன்று கோடுகளிலும் பாதிக்கு மேல் இருட்டு.

"குட்டி, லைட்டு என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு? இன்னைக்குத்தான்க்கா முழுசா எரியுது. அந்த இருட்டே காணோம், பாரேன்."

குட்டி ஆட்டத்தை நிறுத்தாமல்தான் சொன்னாள். எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, முதுகு காட்டிக்கொண்டு. நேற்று வரை அதே இடத்தில் நின்று அவளும் அந்த இருட்டைப் பார்த்தவள்தான்.

மூத்தவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. கண்ணுக்கு அருகே கட்டைவிரலை வைத்தால் மலையே மறைந்துவிடும். விளக்கு அணையவில்லை, நடுவில் நின்று எதுவோ அதை மறைக்கிறது. அது நாளுக்கு நாள் பெரிதாகவில்லை. கிட்டே வந்துகொண்டிருந்திருக்கிறது. குட்டியைத் தாண்டி வந்துவிட்டது.

குட்டிக்கும் அவளுக்கும் நடுவில்.

கதவு முதுகுக்குப் பின்னால்தான். கை பின்னால் போய்க் கைப்பிடியைத் தொட்டது. குளிர்ந்த இரும்பு. ஓடிவிடலாம். படியேறினால் வெயில், ஜனம், தெரு. ஆனால் குட்டி உள்ளே.

கையை எடுத்துவிட்டாள்.

"குட்டி. அங்கேயே நில்லு. திரும்பாத."

பாதச் சத்தம் நின்றது.

கீழ்க்கோடு மறைந்தது. இரண்டு கால்களும் ஒன்றாகி, ஓரம் வரை. பிறகு நடுக்கோடு. பிறகு மேலே. இடமும் வலமும் மிஞ்சியிருந்த வெளிச்சம் சுருங்கிச் சுருங்கி, ஒரு நூலாகி, போயிற்று. குட்டி தெரியவில்லை. சுவர் தெரியவில்லை. பசை வாடை மட்டும். அதுவும் வெதுவெதுப்பாக, முகத்தில்.

முழு இருட்டு.

அதன் நடுவே, அவளுடைய கண்ணுக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில், எங்கோ பின்னால் எரிகிற மேல்கோட்டின் இரண்டு சின்னத் துண்டுகள் மட்டும், கண் அளவுக்கு, தெரிந்தன. அக்கம்பக்கமாக. மஞ்சள் கலந்த வெள்ளை.

இரண்டும் ஒரே சமயத்தில் அணைந்தன.

மறுபடி எரிந்தன.