இரண்டாம் குரல் எங்கே போனது?

கிளாரா அக்காவுக்குக் கல்யாணம். சவேரியார்பட்டியில் எல்லாரும் புதுத்துணி எடுப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஷெரினுக்கு மட்டும் அந்தக் கல்யாணத்தை நினைத்தாலே பயமாக இருந்தது.

காரணம் இருந்தது. ஊர்க் கோயிலின் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் என்றாலே கிளாரா அக்காதான். பாட்டின் மெட்டை அப்படியே பாடுகிறவர்கள் முதல் குரல். இரண்டாம் குரல் அதற்குச் சற்றுக் கீழே, தன் வழியில் கூடவே வரும். கேட்பவர்களுக்கு அது தனியாகத் தெரியாது. ஆனால் அது இல்லாவிட்டால் பாட்டில் என்னவோ குறைகிறதே என்று தோன்றும்.

மணப்பெண் தன் கல்யாணத்தில் தானே பாட முடியாதே! அதனால் அக்கா ஆறாம் வகுப்பு ஷெரினைத் தேடி வந்து, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“என் எடத்துல நீ நின்னு பாடணும் ஷெரின். வேற யாரு பாடுனாலும் எனக்கு மனசு ஒப்பாது.”

“பாடுறேன்க்கா!” என்று ஷெரின் துள்ளிக் குதித்தாள். துள்ளும்போது எல்லாம் சுலபமாகத்தான் தெரிந்தது.

பாடகர் குழுவை நடத்துகிறவர் எட்வின் சார். இந்தக் கல்யாணத்துக்கென்றே அவர் ஒரு புதுப் பாட்டு எழுதி, தானே மெட்டும் போட்டிருந்தார். எல்லாக் குரல்களையும் அவரே ஒன்றன் மேல் ஒன்றாகப் பாடிப் பதிவு செய்து, குழுவின் வாட்ஸ்அப்பில் அனுப்பியும் விட்டார். பெண்கள் பாட வேண்டிய இடங்களில் தொண்டையை இறுக்கிப் பூனைபோலப் பாடியிருந்தார். யாரும் சிரிக்கவில்லை, அதாவது சார் இருக்கும்போது சிரிக்கவில்லை.

ஷெரின் அந்தப் பதிவைத் தினமும் கேட்டாள். சாப்பிடும்போது கேட்டாள். அம்மாவின் ஃபோனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தும் கேட்டாள். ஆனாலும் பயிற்சிக்குப் போனால் ஒரே ஒரு வரியில் மட்டும் மாட்டிக்கொண்டாள்.

‘கைகள் சேரும் நன்னாளிலே’ என்ற வரி அது.

“நிறுத்து, நிறுத்து!” என்றார் சார். “ஷெரின், மறுபடியும் முதல் குரலுக்கு ஏறிட்ட. நீ கீழ நிக்கணும்மா.”

சார் பாடிக் காட்டினார். ஷெரின் அப்படியே திருப்பிப் பாடினாள். சரியாக வந்தது. வீட்டுக்குப் போய்ப் பதிவைக் கேட்டுக் கேட்டுப் பழகினாள். மறுநாள் வந்து பாடினால் அதே வரியில் அதே தப்பு.

“ஏறிட்டாப்பா, மாடி ஏறிட்டா!” என்றான் ஆண்கள் வரிசையிலிருந்த கிறிஸ்டோபர். எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஷெரினுக்குக் காது மடலெல்லாம் சூடானது. அன்று முதல் அவள் பெயரே ‘மாடி ஷெரின்’ ஆகிவிட்டது.

அவளுடன் இரண்டாம் குரல் பாடும் ஜெபஷீலா மட்டும் அந்த வரியில் தவறுவதே இல்லை.

“எப்பிடிடி உனக்கு மட்டும் சரியா வருது?” என்று ஷெரின் அவள் காதில் கேட்டாள்.

“யாருக்குத் தெரியும்? நான் அந்தப் பதிவக் கேக்கவே இல்ல. சார் இங்கன சொல்லித் தாறத அப்பிடியே பாடிருவேன்.”

இது என்ன அநியாயம்! கேட்டுக் கேட்டுப் பழகியவளுக்கு வரவில்லை. கேட்காதவளுக்கு வருகிறது. ஷெரினுக்கு அழுகையே வந்துவிட்டது.

பயிற்சி முடிந்ததும் சார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கோபக்காரர் இல்லை. ஆனாலும் அன்று முகம் வாடியிருந்தது.

“பதிவைக் கேக்குறியாம்மா?”

“தினமும் கேக்குறேன் சார்.”

“எதுல கேக்குற?”

“அம்மா ஃபோன்ல சார்.”

“அதான் விஷயம். ஃபோன் ஸ்பீக்கர்ல ரெண்டாங்குரல் எங்க கேக்கும்? நல்ல இயர்போன் வச்சுக் கேளு. சனிக்கிழமை கடைசிப் பயிற்சி. அன்னைக்கும் வரலைன்னா ஜெபஷீலா மட்டும் ரெண்டாங்குரல் பாடட்டும். நீ முதல் குரல்ல நின்னுக்க, சரியா?”

சரி என்று தலையாட்டினாள். உள்ளுக்குள் சரியில்லை. கிளாரா அக்காவின் இடத்தில் நிற்கிறேன் என்று சொல்லியாயிற்றே!

வீட்டில் அப்பா ஆரோக்கியசெல்வம் லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். திராட்சைப் பெட்டிகளைத் தோட்டத்திலிருந்து கம்பத்துக்குக் கொண்டுபோவது அவர் வேலை.

“அப்பா, எனக்கு ஒரு இயர்போன் வேணும். சாரே சொன்னாக.”

“சாரே சொன்னாகளா? அப்ப வாங்கிர வேண்டியதுதான்” என்றார் அப்பா. “ஐநூறுக்குள்ள பாத்துக்க ஆத்தா. அதுக்கு மேல போச்சுன்னா ரெண்டு காதுல ஒரு காதக் கடைக்காரர்ட்டயே விட்டுட்டு வந்துரணும்.”

சனிக்கிழமை காலையில் திராட்சையை இறக்கிவிட்டு, இருவரும் கம்பம் கடைத்தெருவில் ரியாசுதீனின் செல்ஃபோன் கடைக்குப் போனார்கள். ரியாசுதீன் சுறுசுறுப்பான ஆள். கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுவார்.

“வாங்கண்ணே! பாப்பாவுக்கா? இந்தா, இதான் இப்ப எல்லாரும் கேக்குறது!”

சிவப்பு நிறத்தில் பளபளவென்று ஒன்றை எடுத்தார். காதுக்குள் நுழைகிற ரப்பர் முனையைச் சுத்தமாகத் துடைத்து, தன் ஃபோனில் செருகி, ஒரு குத்துப் பாட்டைப் போட்டார். ஷெரினின் மண்டைக்குள் யாரோ உரல் இடிப்பதுபோல் ‘தும் தும்’ என்று அதிர்ந்தது. நன்றாகத்தான் இருந்தது. கால் தானாகவே தாளம் போட்டது.

“எப்பிடி? அடி சும்மா நெஞ்சுல இறங்குதா? இதையே போட்டுரவா?”

ஷெரின் வாயைத் திறந்து ‘சரி’ என்று சொல்லப்போனாள். அப்புறம் சொல்லவில்லை. நாம் வந்தது குத்துப் பாட்டுக் கேட்கவா?

“அண்ணே, எங்க பாட்டப் போட்டுக் கேக்கலாமா? அம்மா ஃபோனக் கொண்டாந்திருக்கேன்.”

“தாராளமா கேளு!”

சிவப்பு இயர்போனில் எட்வின் சாரின் பாட்டு ஓடியது. கீபோர்டின் தடித்த சத்தம் மட்டும் ‘தும் தும்’ என்று முன்னால் வந்து நின்றது. பாடுகிற குரல்கள் கிணற்றுக்குள் விழுந்தவர்கள் கூப்பிடுவதுபோல் எங்கோ கேட்டன.

“இது வேணாம்ணே.”

அடுத்து ஒரு வெள்ளை வந்தது. அதில் முதல் குரல் கணீரென்று கேட்டது. ஆனால் ஒவ்வொரு ‘ச’வுக்கும் காதில் ஊசி குத்தியது.

“இதுவும் வேணாம்ணே.”

“பாப்பா, கல்யாணச் சேலை எடுக்குற மாதிரில்ல எடுக்குது!” என்று ரியாசுதீன் சிரித்தார். அப்பாவுக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

“ஏதாவது ஒண்ண எடு ஆத்தா. எல்லாம் காதுல மாட்டுறதுதான?”

“இல்லப்பா. எனக்கு எல்லாக் குரலும் கேக்கணும். ஒருத்தர் சத்தத்துல இன்னொருத்தர் மறையக் கூடாது.”

“அப்பிடியா சேதி!” என்றார் ரியாசுதீன். பிறகு கீழ் இழுப்பறையைத் திறந்து, தூசி படிந்த சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தார். உள்ளே ஒரு சாதாரணக் கறுப்பு இயர்போன். அலங்காரம் இல்லை, பளபளப்பு இல்லை.

“இதுல எல்லாச் சத்தமும் சமமா வரும். அடி இல்லன்னு யாரும் எடுக்க மாட்டாக. வெலையும் நானூத்தம்பதுதான்.”

ஷெரின் மாட்டிக்கொண்டாள். சத்தம் சோகையாக இருந்தது. தெருவில் போகிற பஸ்ஸின் இரைச்சலும் சேர்ந்தே கேட்டது. அவள் முகம் சுருங்குவதைப் பார்த்த ரியாசுதீன், “இரு, ஒன் காது சின்னக் காது. ரப்பர் சரியா அடைக்கல” என்று சொல்லிச் சின்ன அளவு முனைகளை மாற்றித் தந்தார்.

இப்போது பஸ் காணாமல் போனது. பாட்டு மட்டும் வந்தது.

கீபோர்டு ஒரு பக்கம் அமைதியாக வாசித்தது. முதல் குரல் தன் இடத்தில் பாடியது. ஆண்களுக்கான குரல்கள் அடியில் நின்றன. அதோ, நடுவில், இத்தனை நாள் ஒளிந்து விளையாடிய இரண்டாம் குரல்! சார் பூனைத் தொண்டையில் பாடினாலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. ஷெரின் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த வரி வந்தது. ‘கைகள் சேரும்…’

அப்போது பாட்டுக்குப் பின்னால், தூரத்தில், வேறொரு குரலும் கேட்டது.

“ஏங்க! தோசை ஆறுது! வாறீகளா, இல்லையா?”

ஷெரின் கண்ணைத் திறந்தாள். அது சாரின் மனைவி ஞானசெல்வி டீச்சர். ஷெரினுக்குக் கணக்கு எடுக்கிற டீச்சரின் குரல் அவளுக்குத் தெரியாதா? அந்தக் குரல் கேட்ட அதே நொடியில் எட்வின் சாரின் இரண்டாம் குரல் தடுமாறி, மேலே ஏறி, முதல் குரலோடு போய் ஒட்டிக்கொண்டது.

திரும்பவும் போட்டுக் கேட்டாள். சந்தேகமே இல்லை. மாடி ஏறியது சார்! அம்மா ஃபோனில் மங்கலாகக் கேட்டாலும், ஷெரின் அவர் பின்னாலேயே ஒழுங்காக ஏறிப் போயிருக்கிறாள், அவ்வளவுதான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“என்ன ஆத்தா, அழுகுறியா, சிரிக்கிறியா?” என்று பதறிய அப்பா, இயர்போனை வாங்கித் தன் காதில் மாட்டினார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் விரிந்தது.

“அட, டீச்சர் தோசைக்குக் கூப்புடுறாக!” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். காதை அடைத்திருந்ததால் தன் சத்தம் அவருக்கே தெரியவில்லை. எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், எந்த டீச்சர், எந்தத் தோசை என்று எட்டிப் பார்த்தார்கள்.

திரும்பி வரும் வழியில் அப்பா சொன்னார், “இன்னைக்குப் பயிற்சியில எல்லாருக்கும் போட்டுக் காட்டு. மாடி, மாடின்னு ஒன்னையக் கேலி பண்ணுனாங்கள்ல?”

ஷெரினுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கிறிஸ்டோபரின் முகம் எப்படி ஆகும் என்று நினைத்தாலே இனித்தது. ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தபோது தன் காது சூடானதும் கூடவே நினைவுக்கு வந்தது. சாருடைய காதும் அப்படித்தானே சூடாகும்?

அன்று சாயங்காலம் அவள் எல்லாருக்கும் முன்பே கோயிலுக்குப் போனாள். எட்வின் சார் தனியாகக் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சார், இயர்போன் வாங்கிட்டேன். நல்லா இருக்கான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க சார்.”

“கொண்டா, கொண்டா!”

சார் மாட்டிக்கொண்டார். “அடேயப்பா, நல்லாருக்கே! எல்லாம் தனித்தனியா கேக்குதே!” என்று விரலை ஆட்டித் தாளம் போட்டார். அந்த வரி வந்தது. விரல் அந்தரத்தில் நின்றது.

திரும்பப் போட்டார். திரும்பவும் போட்டார். பிறகு இயர்போனை மெதுவாகக் கழற்றினார்.

“ஷெரினு… இது நானா?”

“ஆமா சார்.”

“பின்னால?”

“டீச்சர் சார். தோசை ஆறுதாம்.”

சார் அவளையே பார்த்தார். “இத்தன நாளும் ஒன்னையப் போய் ஏசிட்டேனே! மன்னிச்சுக்கம்மா. எல்லார்ட்டயும் சொல்லிட்டியா?”

“இல்ல சார். அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அப்பா யார்ட்டயும் சொல்ல மாட்டாக.” கம்பம் கடைத்தெருவுக்கும் தெரியும் என்பதை அவள் சொல்லவில்லை.

பயிற்சி தொடங்கியது. ஷெரின் பதிவைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எட்வின் சார் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“எல்லாரும் கேளுங்க. பதிவுல அந்த வரியில தப்புப் பண்ணுனது நான். ஷெரின் நான் பாடுனத அப்பிடியே பாடியிருக்கா. இவ்வளவு கவனமா கேட்டுப் பாடுற பிள்ளை நம்ம குழுவுல வேற யாரும் இல்ல.”

“அப்ப மாடி ஏறுனது நீங்களா சார்?” என்றான் கிறிஸ்டோபர், கண்ணை அகல விரித்து.

“ஆமாலே. தோசை வாசம் பிடிச்சு ஏறிட்டேன்.”

கோயிலே அதிரும்படி எல்லாரும் சிரித்தார்கள். சார்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

“நல்லவேளை சார், நான் பதிவு கேக்கவே இல்ல!” என்று ஜெபஷீலா பெருமையாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“என்னது?” என்றார் சார்.

அன்று வீட்டுக்குப் போனதும் சார் முதல் வேலையாகச் சாப்பிட்டு முடித்தார். அதன் பிறகு புதிய பதிவு வந்தது. அதில் இரண்டாம் குரல் கடைசிவரை தன் வழியிலேயே போனது. ஷெரின் கறுப்பு இயர்போனை மாட்டி, மறுநாள் முழுக்க அதைக் கேட்டுப் பழகினாள்.

திங்கட்கிழமை காலை. கோயில் நிறையக் கூட்டம். வெள்ளைப் பட்டுச் சேலையில், தலையில் முக்காட்டுடன் கிளாரா அக்கா பீடத்தின் முன்னால் நின்றாள். ஷெரின் பாடகர் குழுவில், அக்கா எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றாள்.

‘கைகள் சேரும் நன்னாளிலே…’

முதல் குரல் மேலே போனது. ஷெரின் போகவில்லை. கீழே, தன் வழியில், நின்று நிதானமாகப் பாடினாள். இரண்டு குரல்களும் சேர்ந்து கோயில் முழுக்க நிறைந்தன. சார் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போதுதான் ஷெரின் அதைக் கவனித்தாள். குனிந்த தலையுடன் நின்ற கிளாரா அக்காவின் உதடுகள் அசைந்தன. சத்தமே இல்லாமல் அக்காவும் இரண்டாம் குரல் பாடிக்கொண்டிருந்தாள்! ஷெரினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வெளியே வந்ததும் அக்கா அவளை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

“என் எடத்துல சரியான ஆளத்தான் நிறுத்தியிருக்கேன்” என்றாள்.

அந்தப் பழைய பதிவை எல்லாரும் அழித்துவிட வேண்டும் என்பது எட்வின் சாரின் உத்தரவு. எல்லாரும் அழித்துவிட்டார்கள், ஷெரினைத் தவிர. கணக்கு வீட்டுப்பாடம் மண்டையைக் குழப்பும் நாட்களில், அவள் கறுப்பு இயர்போனை மாட்டிக்கொண்டு அந்த ஒரு வரியை மட்டும் போட்டுக் கேட்பாள். ஞானசெல்வி டீச்சர் இன்னமும் தோசைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.