வாடையில்லாத வீடு

"வீட்ட விக்கக் கிளாராகிட்டக் குடுக்காதன்னு தலையால அடிச்சுக்கிறேன், நீ என்னடான்னா..."

"வேற யாருகிட்டக் குடுக்க? உன் மச்சினன்கிட்டயா? போன வருஷம் வரைக்கும் பழைய டயர் வித்தவன்..."

"டயர் வித்தா என்னக்கா? அவன் வந்தா சுவரத் தட்டிப் பாப்பான், கூரைய அண்ணாந்து பாப்பான், அடுப்புல புகை போகுதான்னு பாப்பான். இவ என்ன பண்ணுனா? ஒவ்வொரு ரூமுலயும் நட்ட நடுவுல நின்னு, கண்ண மூடிக்கிட்டு, மோந்து பாத்தா!"

"மெதுவாப் பேசு கெங்கெஷ். சன்னல் திறந்திருக்கு."

"அதையும்தான் கேக்கணும்னு இருந்தேன். மூக்கு நுனி உதிர்ந்து விழற குளிர்ல எதுக்குச் சன்னலத் திறந்து போட்டிருக்க?"

தரகர் கிளாரா சொல்லித்தான். அதைத் தம்பியிடம் சொல்லாமல், அனார்கான் தேநீர்க் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

மலையடிவார ஊரான கரகோலில் வீடு விற்பது லேசுப்பட்ட காரியமில்லை. 'விற்பனைக்கு' என்று வேலியில் எழுதிய எழுத்து பனியில் கரைந்து, எழுதியவர்களும் போய்ச்சேர்ந்த வீடுகள் அவர்கள் தெருவிலேயே இருந்தன. அனார்கானால் அப்படிக் காத்திருக்க முடியாது. தலைநகர் பிஷ்கேக்கில் மகள் பெர்மெத் பிள்ளைத்தாய்ச்சியாக, யாரோ வாடகைக்கு விட்ட ஒரு அறையில் தனியாகப் படுத்திருந்தாள். மாப்பிள்ளை ரஷ்யாவில் கட்டட வேலையில். இதற்கு முன்னால் உண்டான இரண்டும் தங்கவில்லை. இதாவது தங்க வேண்டுமானால் எழுந்து நடமாடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வீடு போனால்தான் அங்கே ஒரு ஃபிளாட் வாங்கிக்கொண்டு மகள் பக்கத்தில் போய் உட்கார முடியும்.

ஆகவே பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதுபோல்தான் தரகரைத் தேடினாள். ஒருவன் வந்ததிலிருந்து போகும்வரை போனில் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். ஒருத்தி வீட்டைப் பார்க்காமலே விலை சொன்னாள். கிளாரா அப்படியில்லை. தலைநகரில் போய்ப் படித்தவள். நரைக்கும்வரை இதே தொழில். அவள் விற்ற வீடு எதுவும் வழக்கு, தகராறு என்று திரும்பி வந்ததில்லை. அந்தப் பேச்சையும் நம்பாமல், அவள் விற்ற வீடுகளின் கதவை அனார்கானே போய்த் தட்டினாள். "குடிவந்த நாள்லேர்ந்து எலிச் சத்தம்கூட இல்லீங்க" என்றார்கள். "என்னமோ கழுவி வச்ச மாதிரி இருந்துச்சு வீடு" என்றார்கள். எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

எல்லாரும் வாங்கியவர்கள். விற்றவர்களை விசாரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

கிளாரா வீட்டைச் சுற்றி மோந்து முடித்தபின் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வியாழக்கிழமை எண்ணெய் காய வைப்பீங்களா, அக்கா?"

"வைக்காம? எங்க வீட்டுக்காரரு இருக்காரு, மாமியார் இருக்காங்க." இருவரும் போய்ச்சேர்ந்தவர்கள்; ஆனாலும் இருக்கிறார்கள் என்றுதான் வாயில் வந்தது. ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான் வரும். வியாழன் சாயங்காலம் எண்ணெயைக் காயவைத்து மாவுத்துண்டு பொரித்தால், அந்த வாசம் செத்தவர்களுக்குச் சாப்பாடு. அதைத் தவிர வேறெதுவும் அவர்களால் உண்ண முடியாது.

"இன்னொண்ணும் இருக்கே. சின்னதா." கிளாரா உள்ளங்கையைத் தரையோடு தாழ்த்திக் காட்டினாள்.

பேர் வைப்பதற்கு முன்னால் போய்விட்ட தலைப்பிள்ளையைப் பற்றி அனார்கான் யாரிடமும் பேசுவதில்லை.

"நிறுத்திடுங்க" என்றாள் கிளாரா. "வீடு கைமாறுற வரைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் காயக்கூடாது. சன்னலத் திறந்தே வைங்க. வாங்க வர்ற பார்ட்டி சுவரப் பாத்தா முடிவு பண்ணுது? மூக்காலதான் பண்ணுது. காலி வீடுன்னா அது காலியா இருக்கணும்."

கடைசியில் இதைத் தம்பியிடம் சொன்னதும், கெங்கெஷ் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"செத்தவங்களப் பட்டினி போடச் சொல்றா. நீயும் தலையாட்டிட்டு வந்திருக்க."

"கொஞ்ச நாளைக்குத்தானேடா. என் நிலைமை அவங்களுக்குத் தெரியாதா? பொறுத்துக்குவாங்க."

"உன் மாமியார் பொறுத்துக்கிட்ட கதைய உயிரோட இருந்தப்பவே பாத்தேனே" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனான்.

முதல் வியாழன், மலைக்குப் பின்னால் வெளிச்சம் வடிந்து, தெருவெங்கும் நிலக்கரிப் புகையோடு வீட்டுக்கு வீடு எண்ணெய் காயும் வாசமும் எழுந்து, அது பக்கத்து வீட்டு வேலியைத் தாண்டி முற்றத்து ஆப்பிள் மரங்களுக்குள் நுழைந்து தன் சமையலறைச் சன்னல்வரை வந்து நிற்பதை, இருட்டில் விளக்கேற்றாமல் உட்கார்ந்து அனார்கான் முகர்ந்துகொண்டிருந்தாள். கழுவிக் கவிழ்த்த வாணலியின் விளிம்பில் தெருவிளக்கின் மஞ்சள் ஒரு கோடாகக் கிடந்தது. அப்போது சன்னலோரம் அந்தச் சத்தம் கேட்டது. காற்றுதான் என்று முதலில் நினைத்தாள். காற்று வரும், போகும். இது உள்ளே மட்டும் இழுத்தது. நீளமாக, நிதானமாக, சூப்புக் கிண்ணத்தின்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்காரர் ஜூமாஷ் ஆவியை இழுப்பாரே, அப்படி.

வெளிவிடும் மூச்சு வரவே இல்லை.

அடுத்த வீட்டு எண்ணெய் வாசம் சட்டென்று அறுந்துபோயிற்று.

அதன்பின் ஒவ்வொன்றாகக் குறைந்தது. நிலவறையில் வைக்கோலுக்குள் அடுக்கிய ஆப்பிள்கள் கண்ணுக்குச் சிவப்பாக இருந்தன, மூக்குக்கு ஒன்றுமில்லை. புதிதாகச் சுட்ட ரொட்டியைப் பிட்டால் ஆவி பறந்தது; மணக்கவில்லை. சோப்பு மணக்கவில்லை. ஜலதோஷம் என்று நினைத்துத் தெருவுக்கு வந்தால், குதிரைச் சாணமும் புகையும் பக்கத்து வீட்டு ஆட்டிறைச்சியும் பழையபடி மூக்கில் ஏறின. வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் அற்றுப்போயிற்று. ராத்திரி படுத்தால் தலைமாட்டில் ஒரு மூச்சு, கால்மாட்டில் ஒரு மூச்சு. தரையோடு தரையாக, கட்டிலுக்கு அடியில், பூனைக்குட்டி விசும்புவதுபோல் குட்டிக் குட்டியாக இழுக்கிற மூன்றாவது ஒன்று.

நாரின் ஊரிலிருந்து ஒரு குடும்பத்தைக் கிளாரா கூட்டிவந்தாள். அந்தப் பெண் பூட்ஸைக் கழற்றியதுமே மூக்கை விரித்துப் புருஷனைப் பார்த்தாள்.

"ஒரு வாடையும் இல்லீங்க! போன வாரம் பாத்த வீட்ல கொமட்டிக்கிட்டு வந்துச்சு."

"நம்ம அக்கா அவ்வளவு சுத்தம்" என்றாள் கிளாரா. சொல்லும்போது அனார்கானைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்தாள். அனார்கானின் பிடரி மயிர் ஒவ்வொன்றாக எழுந்து பின்பக்கமாகச் சாய்ந்தது. யாரோ அங்கிருந்து இழுத்தார்கள்.

அன்று சாயங்காலம் அவளால் தாங்க முடியவில்லை. கிளாராவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வாணலியை வைத்து எண்ணெயை ஊற்றினாள். காய்ந்தது. புகைந்தது. மாவு பொன்னிறமாகி மேலே வந்தது. வாசம் மட்டும் அவளை எட்டவில்லை. அடுப்பைச் சுற்றி மூன்று மூச்சு, முண்டியடித்துக்கொண்டு, இழுத்தன. புட்டி காலியாகும்வரை ஊற்றினாள். எண்ணெய் ஆறியது.

மூச்சுகள் நின்றன.

திரும்பின.

அவள் உள்ளங்கை. கழுத்து. வாய்.

பிறகு தன் கையை முகர்ந்து பார்த்தாள். காகிதத்தை முகர்ந்ததுபோல் இருந்தது.

நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே படியில் நிற்கும்போது கெங்கெஷ் போன் செய்தான்.

"அக்கா, கையெழுத்துப் போட்டுடாத. அவ வித்த வீட்டோட பழைய சொந்தக்காரி ஒருத்தியத் தேடிப் புடிச்சிட்டேன். ஊருக்கு வெளிய தனியா ஒரு ரூம்ல இருக்கா. சன்னலெல்லாம் எண்ணெய் வழியுது, அக்கா. கதவத் திறக்கல. உள்ள பொரியற சத்தம். தட்டினா, 'நிறுத்த முடியாது, போயிடு, போயிடு'ங்கறா. கை வெந்து போன வாடை இங்க வரைக்கும்... அக்கா? போட்டியா?"

அவள் கிளாராவைப் பார்த்தாள். கிளாரா கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அவங்க எங்க போவாங்க?"

"யாரு?"

"உனக்குத் தெரியும் யாருன்னு."

கிளாரா அவளை முதல் முறையாகக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தாள். "அதுங்க வீட்டுக்குச் சொந்தமில்ல அக்கா. உங்களுக்குச் சொந்தம். வீட்டக் காலி பண்ணித் தர்றதுதான் என் வேலை. அதுக்கப்புறம் என்னன்னு யாரும் என்னைக் கேட்டதில்ல. நீங்களும் கேக்கல."

பிஷ்கேக் ஃபிளாட்டில் அமைதியாக இருந்தது. அனார்கான் காது கொடுத்துக் கேட்டாள். குழாய் சொட்டுவதும் லிஃப்ட் ஏறுவதும்தான் கேட்டன. சமைத்துப் பார்த்தாள். வெங்காயம் மணந்தது. வழியில் எங்கோ தவறிவிட்டார்கள் என்று நினைக்கத் தைரியம் வந்தது. பெர்மெத்துக்கு மாதம் நிறையும் முன்னாலேயே வலி கண்டது. பையன். பூஞ்சை உடம்பு, நெஞ்சில் பலமில்லை, புகையும் தூசியும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் கையில் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து, பெர்மெத் அசந்து தூங்கியபின், அனார்கான் தொட்டில்மேல் குனிந்தாள். அவர்கள் பக்கம் பெரியவர்கள் குழந்தையை முத்தமிடுவதில்லை. உச்சி மோந்துதான் கொஞ்சுவார்கள். பஞ்சுபோன்ற அந்த மயிரில் மூக்கை வைத்தாள். பாலும் வெதுவெதுப்பும் ஈர மண்ணும் கலந்த வாசம் நெஞ்சுவரை இறங்கியது. அழுகை வந்தது. இன்னொரு முறை முகர்ந்தாள்.

அவளோடு சேர்ந்து இன்னும் சிலர் முகர்ந்தார்கள்.

மூன்றாம் முறை வாசம் பாதியாகியிருந்தது.

அவள் தலையை எடுத்துவிட்டாள். சத்தம் நிற்கவில்லை. குழந்தையின் உச்சி மயிர் எழுந்து நின்றது, வெறும் காற்றை நோக்கி. மூச்சு இழுக்க இழுக்க, மூடாத உச்சிக்குழி தோலோடு மேலே எழும்பித் தணிந்தது. தொட்டிலுக்கு அடியில் குட்டி மூச்சு ஒன்று, எட்டாமல், விசும்பியது.

சமையலறை. வாணலி. எண்ணெய். தீ.

வந்தார்கள். மூன்று பேரும். கதவு வழியே தொட்டில் தெரிந்தது; மயிர் படிந்துவிட்டது. மாவைப் போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள். புகை கூரையைத் தொட்டு மெல்ல அறைக்குள் தவழ்ந்தது. குழந்தை இருமியது. எலும்பில்லாத, சின்ன இருமல்.

தீயைக் குறைத்தாள்.

மூச்சுகள் தொட்டிலுக்குப் போயின. உச்சிக்குழி எழும்பியது. இந்த முறை தணியவில்லை.

தீயைக் கூட்டினாள். வந்தார்கள். இருமல்.

குறைத்தாள். போனார்கள்.

கூட்டினாள்.

இருமலுக்கு இடையில் குழந்தை மூச்செடுக்கும் நேரம் நீண்டுகொண்டே போயிற்று. அடுப்புத் திருகில் அவள் விரல் ஒட்டிக்கொண்டிருந்தது. அறையில் கட்டில் கிறீச்சிட்டது. வெறுங்கால் தரையில் பதியும் சத்தம்.

"அம்மா, என்ன புகை இது? புள்ளைக்கு மூச்சு முட்டுது, உதடெல்லாம் நீலமாயிடுச்சு... அம்மா, காதுல விழுதா? அடுப்ப அணைங்கம்மா!"