சவம் போன பிறகு

பின்வளவுக் கிணற்றில் வாளி விழுந்த சத்தத்தில் மயிலம்மா நிமிர்ந்து காது கொடுத்தாள். வீட்டில் அவளையும் தம்பி பூபாலசிங்கத்தையும் தவிர ஒருவருமில்லை. அவனோ ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தானாக அள்ளிக் குடித்தவனில்லை.

மின்வெட்டு. சண்டைக் காலத்துக் கொழும்பில், வெள்ளவத்தை பொழுதுபட்டதுமே கதவுகளைச் சாத்திக்கொண்டு மூச்சடக்கிக் கிடந்தது. கடலோரமாக ரயில் ஒன்று போக, சிமினி விளக்கின் சுடர் நடுங்கி, அவள் இருந்த கதிரையின் நிழல் சுவரில் நீண்டு சுருங்கியது. பிறகு கூடத்தில் தண்ணீர் கொட்டியது. டெற்றோல் நெடி. தரையைத் தேய்க்கும் தும்புத்தடி உரசுகிற சத்தம்.

"என்னடா தம்பி செய்யிறாய்?"

"வீடு கழுவுறன் அக்கா. உங்கட வழக்கம்தானே என்னைக் காப்பாத்தினது. நானும் பழகவேணுமெல்லே?"

சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று காலைதான் புதுக்கடையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருவரையும் விடுவித்திருந்தது. அவன் மனைவி தவமலரைக் கொன்றான், அக்கா இரத்தத்தைக் கழுவித் தடயத்தை மறைத்தாள் என்ற பழைய தீர்ப்பு விழுந்துவிட்டது. தவமலர் படியால் விழுந்து செத்தவள். சவம் வெளியே போனதும் வீட்டைக் கழுவுவது தமிழாக்களின் வழக்கம். மச்சாள்காரி மயிலம்மா அதைத்தான் செய்தாள் என்று சட்டத்தரணி வாதாடி வென்றார்.

சவம் போன பிறகா கழுவினாள்? "அவள் முடிஞ்சாள் அக்கா, கழுவுங்கோ" என்று தம்பி சொன்ன சொல்லுக்கு, வாளியைத் தூக்கியவள் மயிலம்மா. அவன் வாசலுக்குப் போயிருந்த நேரம், இரண்டாவது வாளித் தண்ணீர் முகத்தில் பட, தவமலர் கண் திறந்தாள். உதடு அசைந்தது. அவன் திரும்பி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். பிறகு அந்த உதடு அசையவேயில்லை. கண் திறந்ததை அக்கா கண்டாள் என்று அவனுக்குத் தெரியாது.

"அரசாங்கம் இன்னும் மேலே போய்த் திரும்ப விசாரிக்கக் கேக்கலாமாம். லோயர் சொன்னவர்" என்றான் இருட்டிலிருந்து. "திரும்பவும் உங்களைச் சாட்சிக் கூட்டில ஏத்துவாங்கள். முதல் வழக்கிலையே உங்களுக்கு நாக்குத் தடுமாறினது."

"நான் ஒண்டும் சொல்லமாட்டன், தம்பி. அவள் கண் முழிச்சதைக்கூட..."

தும்புத்தடி நின்றது.

ஐயோ.

தண்ணீர் அவள் பாதங்களைத் தொட்டது. குளிர். ஈரக் காலடி ஒன்று. இன்னொன்று. கதிரைக்குப் பின்னால்.

வெளியே கேற் தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு ஜவாஹிறா.

"தம்பி, என்ன இந்த நேரத்துல ஊடு கழுவுறீங்க? தண்ணி ரோட்டுக்கே வருது!"

மயிலம்மா வாயைத் திறந்தாள். ஈரக் கை மூடியது.

"அக்கா மோசம் போயிட்டா, ராத்தா. மூச்சு நிண்டிட்டுது." அவன் குரல் அழுதது. உண்மையாகவே அழுதது.

"யா அல்லாஹ்! பகல் கூடக் கதச்சேனே! இருங்க, இவரைக் கூட்டிட்டு வாரேன்."

செருப்புச் சத்தம் ஓடித் தேய்ந்தது.

கை எடுபடவில்லை. மற்றக் கை விளக்கின் திரியை இறக்கியது.

அடுத்த வீட்டில் ஜவாஹிறாவின் குரல் மயிலம்மாவின் பேரைச் சொல்லி அழத் தொடங்கியது. மயிலம்மா கண்களை அகல விழித்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.