நான்கு கிலோ மிச்சச் சோறு

“போதும் அக்கா.”

“என்ன போதும்? வளர்ற புள்ளைக்கு ஒரு கரண்டி எந்த மூலைக்கு? தட்டை நீட்டு பாப்பா.”

பள்ளிக்கூடத்தில் சாப்பாடு தொடங்கிய முதல் நாள், சமையல் வேலாயி அக்காவுக்கும் ஐந்தாம் வகுப்பு நிலூஷாவுக்கும் நடந்த பேச்சு அது. போடுகிற சோற்றை மறுத்தால் சமைத்தவளை மறுத்ததாக நினைக்கும் தேயிலைத் தோட்டம் அவர்களுடையது. சொல்ல வந்த மீதியை நிலூஷா விழுங்கிவிட்டாள். இரண்டாவது கரண்டிச் சோற்றைத்தான் விழுங்க முடியவில்லை.

அந்தப் பேச்சு அவளுக்கு நினைவு வந்தது வியாழக்கிழமை காலை 11.30க்கு, ஒரு காலி வாளியின் முன்னால்.

கலஹாவுக்கு மேலே இருந்த அந்தச் சிறு பாடசாலையில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று வாரமாக உணவு வீணாவதைப் பற்றிப் படித்தார்கள். பத்தரை மணி இடைவேளையில் மிஞ்சும் சோறு சமையலறை வாசலிலுள்ள நீல வாளியில் சேரும். பதினொன்றரைக்கு அதைக் கொழுந்துத் தராசில் மாட்டி நிறுத்து, எடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, உரத்துக்காகக் கூட்டெருக் குழியில் கொட்டுவார்கள். நேற்றைய எடை நான்கு கிலோ. நாளை கண்டியிலிருந்து கல்வி அதிகாரி இந்தக் கணக்கைப் பார்க்க வருகிறார்.

இன்று வாளி கவிழ்ந்திருந்தது. ஒரு பருக்கை இல்லை. விளிம்பில் சாம்பல் ஒட்டியிருக்க, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஜெயராஜ் வீட்டுல பதினோரு கோழி இருக்கு டீச்சர்,” என்றாள் தனுஜா.

“என் கோழி உன்னய மாதிரி கண்டதையும் தின்னாது,” என்றான் ஜெயராஜ். நாளை அதிகாரி முன் பேசப்போகிறவன் அவன். இரண்டு வாரமாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகியிருந்தான்.

சுகிர்தா டீச்சர் பெருமூச்சு விட்டார். “உண்மை தெரியாம உன்னய நாளைக்கி முன்னுக்கு நிப்பாட்ட ஏலாதுப்பா.”

“கால் மணித்தியாலம் தாங்க டீச்சர்,” என்றாள் நிலூஷா.

11.34. ஜெயராஜிடம் நிலூஷாவின் விசாரணை.

“இடைவேளை முடிஞ்சு எங்க இருந்த?”

“வகுப்புல. உனக்குப் பின்னுக்குத்தான்.”

“வெளிய போனியா?”

“ஒருக்கா. மூத்திரத்துக்கு.”

“எவ்வளவு நேரம்?”

“அதையுமா நிறுத்து எழுதப் போற?”

11.39. கூட்டெருக் குழி. மேலே புதிதாக வெட்டிய புல் பரப்பியிருந்தது. மூன்று காகங்கள் அதைக் கிளறிக்கொண்டிருந்தன. நிலூஷா குச்சியால் புல்லை விலக்கினாள். கீழே ஈரம் காயாத இன்றைய சோறு.

11.42. அவள் நிமிர்ந்தாள். எதிரே சமையலறை ஜன்னல். அந்த ஜன்னலுக்கு நேராக ஐந்தாம் வகுப்புக் கரும்பலகை. அதில் நேற்றைய ‘4’, பூசணிக்காய் அளவுக்கு.

11.45.

“ஜெயராஜ் இல்ல டீச்சர். கோழிக்கு எடுத்தவன் சோத்தைக் குழியில போட மாட்டான். அதோட வாளியப் பாருங்க. நாங்க யாராச்சும் ஒரு நாளாவது அதைக் கழுவியிருக்கோமா? கொட்டிட்டு எறிஞ்சிருவோம். ஒளிச்சு வைக்கிற அவசரத்துலயும் சாம்பல் போட்டுத் தேச்சுக் கவுத்து வைக்கிற கை இங்க ஒண்ணுதான் இருக்கு.”

சமையலறைக்குள் பாத்திரச் சத்தம் நின்றது.

வேலாயி அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். இருபது வருஷம் கொழுந்து எடுத்தவள். எழுத்து தெரியாது, எண் தெரியும்.

“மலையில நிறை குறைஞ்சா கங்காணி ஏசுவாரு. இங்க கூடுனாத்தான் குத்தம்னு டீச்சர் பாடம் எடுத்தது காதுல விழுந்துச்சு. நாலு, நாலரைன்னு தெனமும் என் சமையலுக்குத்தான் மார்க்கு போடுறாங்கன்னு நெனைச்சேன். நாளைக்கி கண்டியில இருந்து வர்ற பெரியய்யா அதைப் பாத்தா என்னய நிப்பாட்டிருவாரே. பயல மாட்டிவிடணும்னு செய்யல டீச்சர்.”

“பரவாயில்ல அக்கா,” என்றான் ஜெயராஜ். “என் கோழிங்க பேருதான் கெட்டுப்போச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள், வேலாயி அக்காவைத் தவிர. அவள் நிலூஷாவையே பார்த்தாள்.

“நீ சொல்லு பாப்பா. என் கையில ருசி இல்லையா?”

இருபத்தெட்டுத் தட்டுகளிலும் தினமும் மிஞ்சுவது எது என்று நிலூஷாவுக்குத் தெரியும். முதல் நாள் விழுங்கியது இப்போது தொண்டைக்கு வந்து நின்றது.

“ருசி ரொம்ப நல்லாருக்கு அக்கா. நாளைக்கி எனக்கு ஒரு கரண்டி மட்டும் போடுங்க. பத்தலைன்னா நானே தட்டைத் தூக்கிட்டு வந்து கேக்குறேன்.”