ரேகா வீட்டுச் சிவப்புத் தூள்

எங்கள் தெருவில் முதல் வீட்டில் யாராவது தும்மினால், கடைசி வீட்டில் கஷாயம் கொதிக்கும். திருப்பதியில் சாமியைப் பார்க்கத்தான் வரிசையில் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டைப் பார்க்க வரிசையே கிடையாது.

அதனால் ரேகா வேலையை விட்டது அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. விடியற்காலை பஸ் ஏறினால், திரும்பும்போது மகள் பிரித்திகா பாதித் தூக்கத்தில் இருப்பாள்.

அந்த ரேகாதான் இப்போது வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து மரத்தில் பெயர்ப்பலகை செதுக்க ஆரம்பித்தாள். சந்திரகிரியில் இடித்த ஒரு பழைய வீட்டின் வேப்பங்கதவுகளை வாங்கிப் போட்டாள். உளியை எடுத்தாள். மூன்றே மாதத்தில் ஆர்டர் குவிந்தது. நாயே இல்லாத ஒரு வீட்டுக்காரர் 'நாய் ஜாக்கிரதை' என்று செதுக்கி வாங்கிப் போனார் என்றால் பாருங்களேன்!

ஆறாம் வகுப்பு பிரித்திகாவுக்கு ஒரே கொண்டாட்டம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா வீட்டில் இருக்கிறாளே! செதுக்கிய எழுத்துகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே அன்றைய கதையெல்லாம் சொல்வாள்.

ஒரு சனிக்கிழமை ரேகா கொல்லையைக் கழுவிவிட்டாள். பழைய வேம்பின் உள்மரம் கொஞ்சம் சிவப்பு. அந்தத் தூள் கலந்த தண்ணீர் சாக்கடையில் சிவப்பாக ஓடியது. அதை மாடி வீட்டு சண்முகம் பார்த்துவிட்டார்.

"செம்மரம்!" என்றார்.

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை மெதுவாகத்தான் சொல்வார்கள். செம்மரம் எங்கள் மலைக்காட்டு மரம். வெட்டினாலும் விற்றாலும் ஜெயில். 'செம்மரம்' என்று கிளம்பிய பேச்சு, கோடி வீட்டை எட்டும்போது 'ஒரு லாரி செம்மரம்' ஆகியிருந்தது. லாரியைச் சேர்த்தது யார் என்று இப்போது எதற்கு?

மறுநாளே நாராயணவனத்தில் புது வீடு கட்டும் வரலட்சுமி வந்தாள். எங்கள் தெருக்காரிதான்.

"ரேகா, எங்க வீட்டுப் பலகை வேணாம்மா. நமக்கெதுக்கு வம்பு?"

சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ரேகா உளிகளை ஒரு பழைய துணியில் சுற்றிக் கட்டினாள். கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"யார்கிட்டம்மா பேசினே?" என்றாள் பிரித்திகா.

"கம்பெனிலதான். வர்ற வாரத்துலேர்ந்து பஸ்ல இடம் இருக்குதாம்."

"நாம என்ன திருடினோமா? நீ ஏன் போவணும்?"

"கத்தாதடி. தெருவே கேட்டுக்கினு இருக்கும்."

"கேக்கட்டும்! நல்லா காது குடுத்துக் கேக்கட்டும்!"

கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப் வந்து நின்றது. காக்கி உடுப்பு. காட்டிலாகா ஆள். "ரேகா எவரம்மா?" என்று தெலுங்கில் ஆரம்பித்தவர், ரேகா முன்னால் வந்ததும் தமிழுக்கு மாறினார்.

"எங்களுக்குப் போன் வந்துச்சும்மா. கட்டையைப் பாக்கணும்."

ஒரு பலகையை எடுத்துப் புரட்டினார். முகர்ந்தார். "வேம்பு மாதிரிதான் இருக்குது. ஆனா சிவப்பா வேற கீதே! எல்லாத்தையும் ஆபீசுக்கு எடுத்துக்கினு போயி பாத்துட்டு சொல்றேன்."

பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதைத் தெரு பார்த்தால் என்ன ஆகும்? லாரி ரயிலாகிவிடாதா?

பிரித்திகா குறுக்கே வந்து நின்றாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"சார், செம்மரத்தைத் தண்ணில போட்டா என்னாகும்?"

"முழுகிடும். கல்லு மாதிரி அடியில போய் உக்காந்துக்கும்."

"அப்போ இங்கியே பாருங்க!"

குளியலறையிலிருந்து பெரிய டப்பைத் தரதரவென்று இழுத்து வந்தாள். தண்ணீரை நிரப்பினாள். பலகையைத் தூக்கித் தொப்பென்று போட்டாள். கோபத்தில் போட்டதால் பாதித் தண்ணீர் அவருடைய கால்சட்டையில் தெறித்தது.

பலகை படகு போல மிதந்தது.

"இன்னொண்ணு போடட்டுமா?"

இரண்டாவதும் மிதந்தது. மூன்றாவதும் மிதந்தது. நான்காவதைத் தூக்கும்போது அவர் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"சாலும்மா, சாலு! போதும்! வாசனையும் வேம்பு, மிதக்கவும் மிதக்குது. இது செம்மரம் இல்ல." சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பினார்.

ஆனால் ரேகா உளி மூட்டையை அவிழ்க்கவில்லை.

"அவருக்குத் தெரிஞ்சா ஆச்சா? தெருவுக்கு யாருடி சொல்றது?"

பிரித்திகா ஒரு வேப்பந்துண்டை எடுத்தாள். பக்கெட்டில் தண்ணீர் பிடித்தாள். தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை முளைத்தது. இன்றைக்குப் பெரிய சண்டை என்று நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றேன்.

"மாமா! கீழ வாங்க!" என்று மாடி வீட்டுக் கேட்டைத் தடதடவென்று தட்டினாள்.

சண்முகம் இறங்கி வந்தார். "ஏம்மா கேட்டை உடைக்கிறே?"

"காட்டிலாகாவுக்குப் போன் போட்டது நீங்கதானே?"

"நானா? யாரு சொன்னாங்க?"

"நீங்கதான்! பால்காரர் வரைக்கும் சொல்லி வெச்சிருக்கீங்க."

சண்முகம் மேலே பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை.

பிரித்திகா மரத்துண்டைப் பக்கெட்டில் போட்டாள். "செம்மரம் முழுகும். இது மிதக்குது. நீங்களே அமுக்கிப் பாருங்க."

அவர் அமுக்கினார். துண்டு மேலே வந்தது. இன்னும் பலமாக அமுக்கினார். அது துள்ளி வந்து அவர் சட்டையை நனைத்தது.

"தெரியாம சொல்லிட்டேம்மா."

"என்கிட்ட எதுக்கு? எத்தினி வீட்ல சொன்னீங்க?"

சண்முகம் விரல் விட்டு எண்ணினார். பத்து விரலும் தீர்ந்துவிட்டது.

"பக்கெட்டைத் தூக்குங்க மாமா. அத்தினி வீட்டுக்கும் போவலாம்." இரண்டடி நடந்தவள் திரும்பினாள். "உங்க மேல எனக்குக் கோவம் போவலை. ஆனா கனமா இருந்தா சொல்லுங்க, ஒரு பக்கம் புடிச்சிக்கிறேன்."

வீடு வீடாகப் போனார்கள். ஒவ்வொரு வாசலிலும் சண்முகம் துண்டைப் போட்டு, "வேம்புதாங்க, நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றார். எட்டாவது வீட்டில் பிரித்திகா பக்கெட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

வரலட்சுமி குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள். "என் பலகையை வேற யாருக்காவது குடுத்துடப்போறா. வேணும்னு அம்மாகிட்ட சொல்லு!"

பிரித்திகா திரும்பித் தன் வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "அம்மா! மூட்டையை அவுரு!"

கடைசியாக என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! இருந்தாலும் ஒரு முறை போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்தேன்.

"அவ்ளோதான், முடிஞ்சிது" என்று பெருமூச்சு விட்டார் சண்முகம்.

"எங்க முடிஞ்சிது மாமா? பின்னாடித் தெருவுலயும் பேசிக்கினு இருக்காங்களாம்."

"சத்தியமா அங்க நான் சொல்லலம்மா!"

"அப்போ யாரு சொன்னாங்க?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கெட்டைத் தூக்கினேன்.