பதினேழாம் எண் தொடை

முந்தின நாள் எடையோடு இருநூறு முறை உட்கார்ந்து எழுந்திருந்தாலும், குமுதவல்லி மறுநாள் காலையில் படிகளை இரண்டிரண்டாகத் தாவித்தான் ஏறுவாள். வேலூரின் அந்தப் பளுதூக்கும் கூடத்தில் நான்கு ஆண்டுகளாக யாருக்கும் கால் நோவதில்லை. நோவுமாற்றுப் பட்டை வந்ததிலிருந்து அப்படித்தான்.

பார்வைக்கு அது இழுபடும் பருத்தி நாடாதான். வீரரின் தோலைத் துடைத்து, தசையை நீட்டிவைத்து ஒட்டி, பசை பிடிக்க உள்ளங்கையால் தேய்ப்பார்கள். அதே சுருளில் வெட்டிய இன்னொரு துண்டு, அதே இடத்தில், இன்னொருவர் உடலில் ஒட்டியிருக்கும். நரம்பு அனுப்பும் வலிச்செய்தி இங்கே கிளம்பி அங்கே போய்ச் சேரும். அந்த இன்னொருவருக்குத் தாங்கி என்று பெயர்.

தாங்கிகள் கூடத்தின் பின்னால் தகரக் கொட்டகையில் படுத்திருந்தார்கள். வீரரும் தாங்கியும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் வீரருக்கு மனம் இளகிவிடுமாம். மனம் இளகுவதை நோயாகக் கருதிய காலம் அது.

பதினேழாம் எண் பட்டையின் தாங்கி பிலோமினா. அது யாருடைய கால் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும், "யாரு பெத்த பிள்ளையோ, இந்தக் காலைக் காப்பாத்துப்பா" என்று தினமும் ஜெபிப்பாள்.

அந்தக் கூடத்திலேயே மாநிலத் தேர்வுப் போட்டி நடந்த நாளன்று பட்டை ஒட்டும் ஊழியரிடம் சொன்னாள். "சார், உழைச்ச நோவு மூணாம் நாள் இறங்கிடும். இது அஞ்சு நாளா ஏறிக்கினே போவுது. உள்ள இன்னாவோ கிழியுது."

"தாங்கறதுதான் உன் வேலை. டாக்டர் வேலை உனக்கு யாரு குடுத்தாங்க?"

உள்ளே இரும்பு தரையில் விழும் ஓசை கேட்டது. அதே நொடியில் பிலோமினாவின் இடது தொடையில் துணியைக் கிழிப்பதுபோல் ஒரு வலி. ஊழியர் தடுத்தும் நிற்காமல், நொண்டிக்கொண்டே கூடத்துக்குள் நடந்தாள்.

மேடையில் குமுதவல்லி கடைசித் தூக்குக்குக் கைகளில் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டிருந்தாள். இதைத் தூக்கினால் தேசிய அணி. அவள் தொடைப் பட்டையில் பதினேழு என்று அச்சாகியிருந்தது.

"யாரும்மா நீ?"

"நான்தாம்மா உன் இடது தொடை."

கூட்டம் சிரித்தது. பயிற்சியாளர் தண்டபாணி ஓடிவந்தார். "இன்னா துணிச்சல் உனக்கு! வெளிய போ!"

"போறேன் மாஸ்டர். என்னுது இல்லாததை இங்கயே வெச்சிட்டுப் போறேன்."

பிலோமினா தன் பட்டையை உரித்தாள். வலி உரியவளிடம் திரும்பியது. குமுதவல்லி முட்டி மடங்கி, "அம்மா!" என்று அலறி உட்கார்ந்தாள்.

"ஒட்டு! இன்னும் நாப்பது செகண்டு இருக்குது!" என்று மாஸ்டர் கத்தினார்.

பிலோமினா பட்டையைக் கசக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "இன்னொரு தபா தூக்கினா இந்தக் கால் போயிடும். என்னைக் கொன்னாலும் ஒட்ட மாட்டேன்."

"குமுதா, நீயாவது சொல்லு! தேசிய அணிடி!"

குமுதவல்லி மாஸ்டரைப் பார்க்கவில்லை. "இவ்ளோ வலியாக்கா? இத்தினி நாளும்?"

"இன்னிக்குதாம்மா கொஞ்சம் ஜாஸ்தி."

அந்தப் பொய்யைக் கேட்டதும் குமுதவல்லியின் கண்கள் நிறைந்தன. தன் தொடைப் பட்டையையும் உரித்துத் தரையில் எறிந்தாள்.

"இனிமே என் வலி எனக்கு. நான் தூக்கல மாஸ்டர். வேற யாரையாவது பாத்துக்கங்க."

கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டது. தூக்கு செல்லாது என்று சிவப்பு விளக்குகள் எரிந்தன. பிலோமினாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் மேடையிலிருந்து இறங்கினாள். தசை பாதி கிழிந்திருப்பதாகவும், இன்னொரு தூக்கில் முழுதும் அறுந்திருக்கும் என்றும் மாலையில் மருத்துவர் சொன்னார்.

மறுநாள் காலை தகரக் கொட்டகைக்கு வெளியே வரிசை நின்றது. மலைபோல் இரும்பைத் தலைக்கு மேல் தூக்குகிறவர்கள், தங்கள் உடம்பைப் பற்றித் தங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று ஒரே இரவில் உணர்ந்தவர்கள். ஒவ்வொருவராக எண்ணைச் சொல்லித் தங்கள் தாங்கியைத் தேடினார்கள்.

வரிசையின் கடைசியில் தண்டபாணி மாஸ்டர். அவர் சட்டைக்குள்ளும் ஒரு பட்டை இருந்தது.

"முப்பத்தொண்ணு யாருகிட்ட?"

மூலையில் படுத்திருந்த சுசீலா கையைத் தூக்கினாள்.

"நான் எப்படிம்மா இருக்கேன்?"

"மொதல்ல உக்காருங்க மாஸ்டர்," என்றாள் அவள். "நீங்க நின்னா எனக்கு இடுப்பு தாங்கல."