ஆளில்லாத பெரட்டு

கம்ப்யூட்டர் மறுபடியும் கறுப்புத் திரையில் நின்றது: கீபோர்டு கிடைக்கவில்லை, தொடர F1 அமுக்கவும். இல்லாத கீபோர்டில் எதை அமுக்குவதாம்? குமுதாவின் கணவன் பவித்ரன் இருந்தபோதும் இது இப்படித்தான் மக்கர் செய்யும். அவன் ஒயரை ஆட்டிச் சொருகி, மகளை மடியில் தூக்கி வைத்து, "பாப்பா, அமுக்கு" என்பான்.

லூமுட் கடலுக்கு மீன் பிடிக்க அவன் போன படகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை, கைப்பேசியும் அவனோடு போயிற்று. அவன் குரல் பதிவாக மிச்சமிருப்பது இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். அதை ஒருமுறை கேட்காவிட்டால் செத்துப்போவோம் என்று குமுதாவுக்குத் தோன்றியது. ஈப்போவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சீனியைப் போனில் அழைத்தாள்.

"தொறந்த ஒடனே அது பெரட்டு எடுக்குதுலா அக்கா. மெமரி, டிஸ்க், கீபோர்டுன்னு ஒவ்வொண்ணா கூப்புடும். பதில் வரலைன்னா அங்கயே நிக்கும். எல்லாம் இருந்தா ஒரு பீப். நாளைக்கு வாரேன், தொடாதீங்க."

பெரட்டு அவளுக்குத் தெரியாததா? தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கு எடுக்கும்போது, வராதவன் பெயருக்குப் பக்கத்து ஆள் குரல் கொடுத்துவிடுவது வழக்கம். வெளியே பழைய ரப்பர் மரங்களில் அந்திமழை இரைந்துகொண்டிருந்தது. பாவி, குமுதா பெட்டியின் மேல் கையை வைத்து, அவனுக்காக, கங்காணிக்குச் சொல்வதைப் போலவே சொன்னாள்.

"இருக்காருய்யா."

பீப்.

திரையில் எழுத்து மாறியது: கீபோர்டு இருக்கிறது, தொடர F1 அமுக்கவும். கீபோர்டோ மேசைமேல் கிடந்தது. அதன் ஒயர் எதிலும் சொருகாமல் அவள் மறு கையில் தொங்கியது.

மீன் கவிச்சையும் டீசல் வாடையும் அறைக்குள் வந்தன. அவள் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டிக்குள் காற்றாடி நிற்கவில்லை. அவனுடைய நாற்காலி, பாரம் ஏறியதும் முனகுவதைப் போல முனகியது.

"பாப்பா. வா, அமுக்கு."

அவன் குரல். அவள் கேட்க ஏங்கிய அதே குரல்.

"வாரேன்பா," படுக்கையறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

"போவாதே பாப்பா!" குமுதா கத்தினாள்.

மகள் ஓடி வந்தாள். குமுதாவின் கைக்குள் சிக்காமல் நழுவினாள். நாற்காலியில் ஏறினாள்.

குமுதா இழுத்தாள். பிள்ளை அசையவில்லை.

நாற்காலிப் பலகைக்கு ஒரு சாண் மேலே, அடியில் எதுவுமில்லாமல், பாப்பா உட்கார்ந்திருந்தாள். கால்களிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. இடுப்பில் சட்டை மட்டும் பெரிய விரல்கள் பிடித்ததுபோல் ஐந்து பள்ளமாய் நனைந்து அமுங்கியிருந்தது.

சிரித்துக்கொண்டே பாப்பா F1-ஐ அமுக்கினாள்.